அப்பாவ 9 நாள் வச்சிருந்த ஐசியூ பற்றி (கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கோ)

நான் வழமையா கொத்துக்கடை, ஏசி ரிப்பெயார் காரர், வெள்ளவத்தையில எந்தக் கடையில தோசைக்குச் சம்பல் நல்லம் இப்பிடியான விசயங்களுக்குத்தான் ரிவ்யூ எழுதிறனான். ஐசியூக்கு ரிவ்யூ எழுதுவன் எண்டு நினைச்சும் பாக்கேல்லை. ஆனா 9 நாள் ஒரு கதவுக்கு வெளியில பிளாஸ்ரிக் கதிரையில இருந்தவனுக்குச் சொல்ல நிறைய இருக்கு. ஆஸ்பத்திரியின்ர பேர் போடமாட்டன், இன்பொக்ஸில வந்தும் கேக்காதேங்கோ. கொழும்பில இருக்கிற ஒரு தனியார் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். குறையும் சொல்லப்போறன், அதுக்காக அங்க வேலை செய்யிற அந்த மிஸ்மாருக்கு (தாதிமாருக்கு) ஒரு கரைச்சல் வந்தா எனக்கு நித்திரை வராது.

முதல்ல எங்கட பிழையச் சொல்லீட்டுப் போறன். அப்பாக்கு 71, ரிட்டயரான கணக்கு மாஸ்டர், சலரோகம் இருக்கு. கிளிநொச்சியில காணிப் பிரச்சினை ஒண்டு பாக்கப் போட்டு வந்தவர், வந்து மூண்டாம் நாள் காச்சல். பெனடோல், கொத்தமல்லி, வேது பிடிச்சது, இப்பிடி அஞ்சு நாள் ஓட்டினம். தடிமன் தானே எண்டு அவரும் சொல்ல நாங்களும் கேட்டம். நாலாம் நாள் இருமேக்க துருப்பிடிச்ச நிறத்தில சளி வந்ததாம், அத அவர் எங்களுக்குச் சொல்லேல்லை, அம்மாவுக்கும் சொல்லேல்லை, பேந்து டொக்டரிட்டத்தான் சொன்னவர். கொரோனா நேரம் வாங்கின ஒக்சிமீட்டர் அலுமாரிக்குள்ள பட்டரி இல்லாமக் கிடந்தது. அஞ்சாம் நாள் பின்னேரம் என்னைப் பாத்து "தம்பி பள்ளிக்கூடம் விட்டிட்டுதே" எண்டு கேட்டார், அப்பத்தான் எனக்குச் சுள்ளெண்டது.

பக்கத்து வீட்டு அண்ணையின்ர வானில ஏத்திக்கொண்டு காலி வீதி ட்ரஃபிக்குக்குள்ள போனம். இது ரெண்டாவது பிழை. 1990க்கு அடிச்சிருந்தா காசில்லாம அம்புலன்ஸ் வந்திருக்கும், அதுக்குள்ளயே ஒக்சிஜன் இருக்கு, பழகின ஆக்கள் இருக்கினம். நாங்கள் வான் யன்னலத் திறந்து விட்டுக் காத்துப் பிடிக்க வச்சுக்கொண்டு போனம், நினைக்க இப்பவும் வெக்கமா இருக்கு.

எமர்ஜென்சி: 5க்கு 5. யோசிக்காமக் குடுப்பன். இறக்கி ரெண்டு நிமிசத்தில விரலில கிளிப் கொளுவினவை, ஒக்சிஜன் 82 வீதம் காட்டிச்சு. மாஸ்க் போட்டினம். சின்ன வயசு டொக்டர் பொடியன் ஒராள் அப்பாவின்ர வயித்தில கைய வச்சுக்கொண்டு மணிக்கூட்டப் பாத்து முழுசா ஒரு நிமிசம் மூச்ச எண்ணினார், 36. மொனிட்டரில நம்பர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அத நம்பாமக் கைய வச்சு எண்ணினது எனக்குப் பிடிச்சுது. கையில நரம்பில எடுக்காம நாடியில குத்தி ஒரு ரத்தம் எடுத்தினம், அதுதான் சரியா நோகிற ஊசி, அப்பா மயக்கத்திலயும் "டேய்" எண்டார். கிருமிய வளத்துப் பாக்கிற கல்ச்சர் போத்திலுக்கு ரெண்டு கையிலயும் ரத்தம் எடுத்தாப் பிறகுதான் அன்டிபயோட்டிக் ஏத்தினவை, ஆனா அதுக்காகப் பிந்தவும் இல்ல, வந்து ஒரு மணித்தியாலத்துக்குள்ள மருந்து ஏறீட்டுது. மருந்து போட்டிட்டுக் கல்ச்சர் எடுத்தா கிருமி பிடிபடாமப் போகலாமாம்.

எக்ஸ்ரேயில வலது பக்கம் கீழ்ப்பாதி முழுக்க வெள்ளை, இடது பக்கமும் கீழ ஒரு துண்டு, நியுமோனியா, நுரையீரலில கிருமித் தொற்று. பொடியன் டொக்டர் எனக்கு ஒரு கணக்குச் சொன்னார். நியுமோனியா எவ்வளவு மோசம் எண்டு பாக்க அஞ்சு கேள்வியாம், கேர்ப்-65 (CURB-65) எண்டு சொல்லுறவை. தடுமாற்றம் இருக்கோ, யூரியா 7க்கு மேலயோ, மூச்சு 30 அல்லது அதுக்கு மேலயோ, பிரஷர் 90க்குக் கீழ போட்டுதோ, வயசு 65 அல்லது அதுக்கு மேலயோ. ஒவ்வொண்டுக்கும் ஒரு புள்ளி. அப்பாக்கு அஞ்சுக்கு அஞ்சு. வாழ்நாள் முழுக்கப் பிள்ளையளுக்கு மாக்ஸ் வெட்டின மனுசன், இதில மட்டும் ஃபுல் மாக்ஸ் எடுத்துக்கொண்டு ஐசியூக்குப் போனார்.

போக முதல் டிப்பொசிட். 5 லட்சம். இரவு 11 மணி. கட்டில் வெளிக்கிட்டு லிஃப்டுக்குக் கிட்ட நிக்குது, நான் கவுண்டரில கார்ட் லிமிட் காணாம ரொறொன்ரோவில இருக்கிற அக்காவ எழுப்பிறன். கட்டினாத்தான் மேல போகும் எண்டு வாயால ஒருத்தரும் சொல்லேல்லை, ஆனா கட்டினாப் பிறகுதான் லிஃப்ட் வந்தது. அப்பிடியே விளங்கிக்கொள்ளுங்கோ.

இனி ஐசியூ. முதல் ஒண்டரை நாள் மூக்கில பெரிய குழாய் வச்சு, சூடாக்கி ஈரமாக்கின காத்த நிமிசத்துக்கு 50 லீட்டர் கணக்கில அடிச்சினம், ஹைஃப்ளோ எண்டு சொல்லுறது. சாதாரண மாஸ்க் மாதிரி இல்ல, அதப் போட்டுக்கொண்டு கதைக்கலாம். பிரஷர் விழுந்தபடியா கழுத்தில ஒரு லைன் போட்டு, பிரஷரத் தூக்கிற நோர்அட்ரினலின் மருந்து பம்பில ஓடினது. இந்த ரெண்டும் வெளியில இருக்கிறவனுக்குப் பெரிய சாமான் மாதிரித் தெரியும். ஆனா எனக்கு இப்ப விளங்கினது, ஐசியூ நல்லமோ கூடாதோ எண்டு பாக்கிறதெண்டா மெஷினப் பாத்துப் பிரியோசனம் இல்ல, மெஷின் எல்லா இடத்திலயும் கிட்டத்தட்ட ஒண்டுதான். கட்டிலின்ர தலைப்பக்கம் எப்பவும் உயத்தி இருக்கோ, வாய் காஞ்சு வெடிக்காம இருக்கோ, குதிக்காலுக்குக் கீழ ஏதும் வச்சிருக்கினமோ, பக்கம் பிரட்டிப் படுக்க விடுகினமோ, இதத்தான் பாக்கோணும். நான் போன ஒரு நேரம்கூட அப்பா தட்டையாப் படுத்திருந்ததக் காணேல்லை. வாயில இருக்கிறது குடல் வழியப் போகாம நெஞ்சுக்குள்ள இறங்கினா இருக்கிற நியுமோனியாக்கு மேல இன்னொரு நியுமோனியா வருமாம்.

ரெண்டாம் நாள் இரவு 2 மணிக்குப் போன். ஆர் எண்டும் சொல்லேல்லை. "பேஷன்ட் களைச்சிட்டார், டியூப் போடவேணும், சைன் பண்ண வாங்கோ, எல்லாத்துக்கும் பிரிப்பெயாரா இருங்கோ" எண்டு அரைச் சிங்களம் அரை இங்கிலீஷில ஒரு குரல். எல்லாத்துக்கும் எண்டா என்ன? நான் வெள்ளவத்தையில இருந்து போய்ச் சேருமட்டும் அந்த ஒரு சொல்லத்தான் உருட்டிக்கொண்டு போனனான். அம்மாவுக்கு எண்ணெய் விளக்கக் கொளுத்திப்போட்டு இருங்கோ எண்டு சொல்லீட்டு வந்திட்டன், வேற என்னத்தச் சொல்லிறது.

அங்க போனா ஒரு மிஸ் தையல்காரர் வச்சிருக்கிற மாதிரி இஞ்சி டேப்பால அப்பாவத் தலையில இருந்து கால் வரைக்கும் அளக்கிறா. எனக்கு அந்த நேரம் மனசு எங்க போச்செண்டு நான் எழுதத் தேவையில்லை. கதவோட சாஞ்சு நிண்டிட்டன். அவ திரும்பி என்ர முகத்தப் பாத்திட்டு ஓடிவந்து "நே நே, வென்டிலேட்டருக்கு, வென்டிலேட்டருக்கு" எண்டா.

விசயம் என்னண்டா, வென்டிலேட்டர் ஒரு மூச்சுக்கு எவ்வளவு காத்துத் தள்ளோணும் எண்டத ஆளின்ர நிறைய வச்சுக் கணக்குப் போடக்கூடாதாம், உயரத்த வச்சுத்தான் போடோணும். ஆள் கொழுத்தா நுரையீரல் கொழுக்காது தானே. கூடக் காத்துத் தள்ளினா ஏற்கனவே புண்ணான நுரையீரல் இன்னும் கிழிபடும், சின்னச் சின்ன மூச்சாக் குடுக்கிறது நல்லம் எண்டு 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில பெரிய ஆராய்ச்சி ஒண்டில கண்டபிறகுதான் இந்த வழக்கம் பரவினதாம். அப்பா 82 கிலோ. ஆனா 165 சென்ரிமீற்றருக்குக் கணக்குப் போட்டா 61.5 கிலோ ஆள் மாதிரித்தான் வருது, கிலோவுக்கு 6 மில்லி வச்சா 370க்குக் கிட்ட. பேந்து வாட்டுக்கு மாறினாப் பிறகு நான் இதச் சொல்ல, அப்பா அந்த ஃபோர்முலாவ டொக்டரிட்டக் கேட்டு வாங்கி சாப்பாட்டு மெனுவின்ர பின்பக்கத்தில பேனையால போட்டுப் பாத்தார். 369 எண்டு வந்தது. "சரியாத்தான் செய்திருக்கிறாங்கள்" எண்டு சொல்லி அடியில ஒரு சரியும் போட்டார்.

அன்டிபயோட்டிக் பற்றி ஒண்டு சொல்லோணும், ஏனெண்டா நாங்கள் தேவையில்லாமச் சண்டைக்குப் போன இடம் இதுதான். முதல் நாளே கன்சல்டன் (பொறுப்பான பெரிய டொக்டர்) கேட்ட கேள்வி "வயலுக்க இறங்கினவரா, சேத்துத் தண்ணி பட்டதா" எண்டு. கிளிநொச்சி எண்டு சொன்ன உடன, சலரோகமும் இருக்கு, அப்ப மெலியோய்டோசிஸும் யோசிக்கோணும் எண்டார். அது மண்ணிலயும் தண்ணியிலயும் இருக்கிற கிருமி, மழைக்காலத்தில கூட வரும், சலரோகக்காரரத் தேடிப் பிடிக்கும், இலங்கையிலயும் இருக்கு. அதுக்கு வழமையான செஃப்ட்ரியாக்சோன் காணாது. அதால மெரோபெனத்தில தொடங்கி, கூட கிளாரித்ரோமைசினும் போட்டினம். கிளாரித்ரோமைசினோட ஒத்துவராதெண்டு அப்பாவின்ர கொலஸ்ட்ரோல் குளிசைய நிப்பாட்டினவை, இந்தமாதிரிச் சின்ன விசயம் கவனிக்கிறவையில எனக்கு நம்பிக்கை வரும். சளியில டிபியும் பாத்தவை, இல்லை.

மூண்டு நாளால கல்ச்சர் வந்தது, நியூமோகொக்கஸ். உலகத்தில ஆகப் பொதுவான நியுமோனியாக் கிருமி, பென்சிலினுக்கே கேக்கிற வகையாம். உடன மெரோபெனத்த நிப்பாட்டி செஃப்ட்ரியாக்சோனுக்கு மாத்தீட்டினம். பில்லில அந்த மருந்தின்ர விலை குறைஞ்சதப் பாத்த எங்கட மாமா "என்னடா இது, டியூப்போட கிடக்கிற மனுசனுக்கு மலிஞ்ச மருந்தோ, டிப்பொசிட் முடிஞ்சுதெண்டோ" எண்டு கத்த, நானும் போய்க் கேட்டன், கொஞ்சம் குரல உயத்தித்தான். கன்சல்டன் கோவிக்கேல்லை. ஆர் எண்டு தெரியாத கள்ளனுக்குத்தான் ஊர் முழுக்கப் பொலிஸ் போடுறது, ஆள் பிடிபட்டாப் பிறகு ஒரு பூட்டுக் காணும், பெரிய மருந்த வீணாப் பாவிச்சா நாளைக்கு அது வேலை செய்யாது எண்டார். எனக்கு விளங்கீற்று. மாமாவுக்கு இன்னும் விளங்கேல்லை.

மற்றது ஸ்டிரொய்ட். ஹைட்ரோகோர்ட்டிசோன் நாளைக்கு 200 மில்லிகிராம் ஓடினது. சலரோகக்காரருக்கு ஸ்டிரொய்டோ எண்டு அக்கா ரொறொன்ரோவில இருந்து வட்ஸ்அப்பில குதிச்சவ. கன்சல்டனக் கேட்டா, முந்தி நியுமோனியாக்கு இது குடுக்கிறதில ஒரு முடிவில்லாம இருந்ததாம், 2023இல பிரான்சில இருந்து ஒரு ஆராய்ச்சி வந்தது, கடும் நியுமோனியாவோட ஐசியூக்கு வந்த 800 பேருக்குக் கிட்ட. மருந்து குடுக்காத பக்கம் 28 நாளுக்குள்ள 100க்கு 12 பேரளவில செத்தவை, குடுத்த பக்கம் 6 பேரளவில. பாதி. பிரஷர் விழுந்த ஆக்கள அதில சேக்கேல்லை, ஆனா பிரஷர் விழுந்த நியுமோனியாக்கு ஸ்டிரொய்ட் குடுங்கோ எண்டு ஐரோப்பாக்காரரின்ர வழிகாட்டியே அதே வருசம் சொல்லுது எண்டார். ஆனா இன்ஃப்ளுவென்சாவால வந்த நியுமோனியா எண்டா இதக் குடுக்கிறது நல்லமில்லையாம், அதால முதல்ல மூக்கில குச்சி விட்டு அந்த டெஸ்ட் செய்து இல்லை எண்டு கண்டபிறகுதான் தொடங்கினவை. சுகர் ஏறினது உண்மை, 300 தாண்டினது, இன்சுலின் பம்ப் வச்சு மணிக்கு ஒருக்கா விரலில குத்தினவை.

இப்ப குறைக்கு வாறன். இவ்வளவு விளக்கமும் நான் எழுதிறனே, இதெல்லாம் எனக்குத் தானா வந்து ஒருத்தரும் சொன்னதில்லை, ஒவ்வொண்டும் கலைச்சுப் பிடிச்சுக் கேட்டது. கன்சல்டன் ரவுண்ட்ஸ் காலமை ஆறரைக்கு. எங்கள உள்ள விடுறது மத்தியானம் 12க்கும் பின்னேரம் 5க்கும், ஒராள், 15 நிமிசம். அந்த நேரம் இருக்கிற டொக்டருக்குக் காலமை என்ன கதைச்சதெண்டு தெரியாது, "ஸ்டேபிள்" எண்டு ஒரு சொல். வென்டிலேட்டரில இருக்கிற மனுசன் ஸ்டேபிள் எண்டா என்ன கருத்து? ஒரு நாள் காலமை 6 மணிக்கே போய் லிஃப்ட் வாசலில நிண்டுதான் அவரப் பிடிச்சனான், பிடிச்சா மனுசன் பத்து நிமிசம் நிண்டு வடிவாக் கதைச்சார், படம் எல்லாம் கீறிக் காட்டினார். அப்ப அத எல்லாருக்கும் ஒரு நேரம் வச்சுச் செய்தா என்ன? எங்களுக்கு ஒழுங்கா, நேரம் தவறாம, ஒவ்வொரு நாளும் காலமை பத்துக்கு வந்த ஒரே அப்டேட் பில்லிங்கில இருந்துதான், டிப்பொசிட் முடியப்போகுது எண்டு.

பாசை. இதுக்கும் புள்ளி குறைப்பன், ஆனா மிஸ்மாருக்கு இல்ல, நிர்வாகத்துக்கு. எனக்குச் சிங்களம் சமாளிக்கலாம். அப்பா யாழ்ப்பாணத்தில படிப்பிச்ச மனுசன், சிங்களம் கடைக்குப் போற அளவுக்குத்தான். ஒவ்வொரு நாளும் காலமை மயக்க மருந்தக் குறைச்சு, தானா மூச்சு எடுக்கிறாரோ எண்டு அரை மணித்தியாலம் பாப்பினம். மெஷின் குடுக்கிற உதவியக் குறைச்சிட்டு "ஹுஸ்ம கன்ன, ஹுஸ்ம கன்ன" (மூச்சு எடுங்கோ) எண்டு சிங்களத்தில சொன்னா அவருக்கு என்ன விளங்கும்? அஞ்சாம் நாள் அந்த டேப்பால அளந்த மிஸ் ஒரு கடதாசியோட வெளியில வந்தா. தமிழில எப்பிடிச் சொல்லுறதெண்டு கேட்டுக் கேட்டுச் சிங்கள எழுத்தில எழுதினா: மூச்சு எடுங்கோ, இருமுங்கோ, கையப் பொத்துங்கோ, நோகுதா, பயப்பிடாதேங்கோ. அதக் கட்டில் தலைமாட்டில பிளாஸ்டரால ஒட்டி விட்டவ. ரெண்டு நாளால டியூப் கழண்டது. கடதாசியாலதான் கழண்டதெண்டு நான் சொல்லேல்லை, ஆனா அந்தக் கடதாசிய நான் கேட்டு வாங்கி வீட்ட வச்சிருக்கிறன்.

டியூப் எடுத்தாப் பிறகு ஒரு நாள் சரியான பயம். அப்பா ஆளே இல்ல. சுவரில எறும்பு ஊருது எண்டார், என்னை ஆரோ இன்ஸ்பெக்டர் எண்டு நினைச்சார், கையில இருந்த லைனப் பிடுங்கப் பாத்தார். டெலிரியம், அதாவது புத்தி தடுமாறிறது, ஐசியூவில வயசான ஆக்களுக்கு நிறைய வாறது எண்டிச்சினம், கையக் கட்டப்போறம் எண்டும் சொல்லிச்சினம். அப்பத்தான் எனக்குப் பளிச்செண்டது, அப்பாவின்ர காதில ஹியரிங் எய்ட் இல்ல, கண்ணாடி இல்ல. எமர்ஜென்சியில கழட்டிப் பொலித்தீன் பையில போட்டு லேபல் ஒட்டி லொக்கரில வச்சிருக்கினம், ஏழு நாளா அப்பிடியே கிடந்திருக்கு. காது கேளாம, கண் தெரியாம, விளங்காத பாசைக்குள்ள, எந்நேரமும் லைட் எரியிற அறைக்குள்ள கிடந்தா எனக்கும் எறும்பு ஊரும். பட்டரி மாத்திக் காதில கொளுவி விட்டு "அப்பா" எண்டன். தலையத் திருப்பி "ஏன்ராப்பா கத்திறாய்" எண்டார். முழுசாத் தெளிய இன்னும் ஒண்டரை நாள் எடுத்தது, ஆனா கை கட்டத் தேவை வரேல்லை. சேக்கேக்க கண்ணாடி, காது மெஷின், பல்செட் எங்க போகுதெண்டு கேட்டு வையுங்கோ.

பிளேன் டீ கேட்டார். குடுக்க விடேல்லை. விழுங்கிறது சரியா எண்டு பாக்காம ஒரு கரண்டியும் இல்ல எண்டு மிஸ் நிண்டுட்டா, ஈரப் பஞ்சால சொண்டத் துடைச்சு விட்டா. அடுத்த நாள் டெஸ்ட் பாத்துத்தான் குடிக்க விட்டது. பிசியோ பிள்ளை மலைநாட்டுப் பிள்ளை, தமிழ், "ஐயா ஒரு தரம் இருமுங்க, இன்னொரு தரம்" எண்டு கதிரையில இருத்தி எடுத்த பாடு கொஞ்சமில்லை. அப்பாக்கு அவவில பயம் கலந்த மரியாதை.

பில் ஐசியூ 9 நாள், வாட்டு 5 நாள், எல்லாமா 18 லட்சத்துக்குக் கிட்ட. பதினொரு பக்கம். கையுறை மட்டும் ரெண்டு பக்கம். டியூப்போட மயக்கத்தில கிடந்த நாளுக்கு "நடைப்பயிற்சி" எண்டு சார்ஜ் போட்டிருந்தினம், கேட்ட உடன எடுத்தினம், ஆனா கேக்காட்டி? வரிக்கு வரி பாருங்கோ. கன்சல்டனே ஒரு நாள் நேராச் சொன்னார், இதே வைத்தியம் அரசாங்க ஆஸ்பத்திரியில காசில்லாமச் செய்வினம், அங்க கட்டில் கிடைக்கிறதுதான் பிரச்சினை, காசு முட்டினாச் சொல்லுங்கோ மாத்திற வழி பாப்பம் எண்டு. அப்பிடிச் சொல்லுற தனியார் டொக்டர நான் முதல் தரம் கண்டன்.

கண்டீன் பற்றியும் கேப்பியள். மீன் பணிஸ் காலமை ஏழுக்கு முதல் வாங்கினாச் சூடு. டீ வேண்டாம். பார்க்கிங் மறந்திடுங்கோ, பிக்மீ டக்சியில போங்கோ.

வீட்ட வந்து ரெண்டு மாசமாகுது. படி ஏறினா இளைக்குது, ஞாபகம் கொஞ்சம் தடுமாறுது, அது மெல்ல மெல்லத்தான் வரும் எண்டிருக்கினம். ஆறு கிழமையால எடுத்த எக்ஸ்ரேயில வெள்ளை கிட்டத்தட்டப் போட்டுது. ஃப்ளூ ஊசியும் நியூமோகொக்கல் ஊசியும் போட்டாச்சு, அம்மாவுக்கும் சேத்து. ஹியரிங் எய்ட் இருக்கு, ஆனா அதின்ர பெட்டியும் சார்ஜரும் அந்த லொக்கரில இருந்து வரேல்லை, மூண்டு தரம் போன் பண்ணீட்டன், தேடிப் பாத்திட்டுச் சொல்லுறம் எண்டுகினம்.